கிரிக்கெட்டர், பிரதமர்னு இல்லாம சாதாரண ஆஸ்திரேலியரோட வாழ்க்கைக் கதை படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

யோசிக்கவே வேணாம், ஆல்பர்ட் ஃபேசியோட 'எ ஃபார்ச்சுனேட் லைஃப்'. நான் இருக்கறது பெர்த், அவர் வாழ்ந்ததும் இந்தப் பக்கம்தான், அதனால ஊர்ப்பாசத்துல சொல்றான்னு நினைச்சாலும் பரவாயில்ல. இங்க பழைய சாமான் விக்கிற கடைல புத்தக அலமாரின்னு ஒண்ணு இருந்தா அதுல முனை மடங்கிப்போன ஃபேசி ஒண்ணு கிடக்க நல்ல சான்ஸ் இருக்கு, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

ஆளு 1894ல விக்டோரியால பொறந்தவர். சின்னக் குழந்தையா இருக்கறப்பவே அப்பா மேற்கு ஆஸ்திரேலியா தங்கச் சுரங்கம் பக்கம் பிழைக்கப் போய் டைஃபாய்டுல செத்துட்டார், அம்மாவும் அந்தப் பக்கம் போயிட்டாங்க, வளர்த்தது பாட்டி. எட்டு வயசுல ஒரு பண்ணைல வேலைக்கு விட்டுடறாங்க. அங்க குடிச்சிட்டு வந்த ஒருத்தன் சவுக்கால வெளுத்து வாங்கறான், பையன் செத்துப் பிழைச்சு, அப்புறம் ஒருநாள் தப்பிச்சு காட்டு வழியா நடந்தே வந்துடறான். பள்ளிக்கூடம்னா என்னன்னே தெரியாது, எழுத்துக் கூட்டிப் படிக்கறதைத் தானா கத்துக்கிட்டது. மாடு ஓட்டிட்டு வடக்க போறது, ஊர் ஊரா போற குத்துச்சண்டை கோஷ்டில சேர்ந்து அடி வாங்கறது, முதல் உலகப் போர்ல துருக்கியோட கல்லிப்போலி போர்முனை, அங்கயே அண்ணன் தம்பி ரெண்டு பேர் சாவு, திரும்பி வந்து பெர்த்ல டிராம் ஓட்டறது, அப்புறம் விக்கிபின்ங்கற ஊர் பக்கம் பண்ணை வெச்சு, முப்பதுகள்ல வந்த பொருளாதார மந்தத்துல கையைச் சுட்டுக்கிட்டு 1934ல விட்டுட்டு மறுபடி டிராம், தொழிற்சங்கத் தலைவர், ரெண்டாம் உலகப் போர்ல சிங்கப்பூர்ல மகன் பலின்னு போயிட்டே இருக்கும்.

இவ்வளவையும் அந்த மனுஷன் எழுதியிருக்கற தோரணை இருக்கே, அதுக்காகத்தான் படிக்கச் சொல்றேன். நம்மாளு யாராவது எழுதியிருந்தா அந்த சவுக்கடிக்கே பத்துப் பக்கம் ஒப்பாரி வெச்சிருப்போம், இவர் நடந்ததைச் சொல்லிட்டு அடுத்த வேலை எங்க, கூலி பேசினபடி வந்துச்சா வரலையா, சாப்பாடு எப்படின்னு நகர்ந்துடறார். போர்முனைல வந்த பார்சல்ல இவருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கிடைக்குது, உள்ள பன்பரி ஊரு எவலின் கிப்சன்னு பேர் போட்டு, எந்த சிப்பாய் கைக்கு இது போனாலும் நல்லா இருக்கட்டும்னு ஒரு சீட்டு. ஊர் திரும்பினப்புறம் பெர்த்ல தற்செயலா அந்தப் பொண்ணையே பார்த்து, 1916ல கல்யாணம், அறுபது வருஷக் குடித்தனம். சினிமால வெச்சா காதுல பூ சுத்தறான்னு சொல்லுவோம், இவர் அதையும் மழை பேஞ்சதுங்கற மாதிரி சொல்லிட்டுப் போறார்.

குறிப்பெல்லாம் நோட்டுல கையால எழுதி வெச்சது, குடும்பத்துக்காக 20 காப்பி அடிச்சுத் தர முடியுமான்னு கேட்டுத்தான் ஃப்ரீமேன்டில் பதிப்பகத்துக்குப் போனதாச் சொல்லுவாங்க. 1981ல புத்தகம் வந்துச்சு, பிச்சிக்கிட்டுப் போச்சு, 1982 பிப்ரவரில அவர் இறந்துட்டார். புகழை அனுபவிச்சது ஒரு வருஷம் கூட இல்ல.

இப்ப ஒரு விஷயம். புத்தகத்துல அவர் 1915 ஏப்ரல் 25, அதாவது முதல் நாளே கல்லிப்போலில இறங்கினதா எழுதியிருப்பார். ராணுவப் பதிவுப்படி அவர் அங்க போய்ச் சேர்ந்தது மே 7. இதை நான் கண்டுபிடிக்கல, ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதில அவரைப் பத்தின கட்டுரைலயே இருக்கு. அதுக்காக ஆளு புளுகுன்னு சில பேர் தூக்கிப் போட்டுடறாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல. அறுபது வருஷம் கழிச்சு, கூட இருந்தவங்க சொன்னது, தான் பார்த்தது எல்லாம் ஒண்ணா உறைஞ்சு போயிருக்கலாம். ஆனா முதல் நாள் சண்டைக்கு சாட்சியா அந்த அத்தியாயத்தை எடுத்துக்கிட்டு வாதம் பண்ணாதீங்க, அவ்வளவுதான்.

ஃபேசிக்கு இப்படி சரிபார்க்க காகிதம் இருக்கு. பூர்வகுடி மக்கள் கதைக்கு வந்தா இதே விஷயம் வேற மாதிரி ஆயிடும். சாலி மார்கனோட 'மை பிளேஸ்', 1987ல வந்தது. பெர்த் புறநகர்ல வளர்ற பொண்ணு, ஸ்கூல்ல நீங்க எந்த நாட்டுக்காரங்கன்னு பசங்க கேட்டா இந்தியான்னு சொல்லுன்னு வீட்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. நம்ம ஊர்ப் பேரை இங்க ஒரு குடும்பம் முகமூடியா போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்குன்னு படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தாங்க பூர்வகுடின்னு தெரியவரவே அவளுக்கு டீன்ஏஜ் ஆயிடுது. அப்புறம் டேப் ரெக்கார்டரை வெச்சுக்கிட்டு பாட்டியோட அண்ணன்கிட்ட, அம்மாகிட்ட, கடைசியா பாட்டிகிட்டன்னு கேட்டுக் கேட்டுப் பதிவு பண்றாங்க, பாட்டி பாதியைச் சொல்லிட்டு மீதியைத் தன்னோடயே கொண்டு போயிடறாங்க. அந்தப் பாட்டி வேலை செஞ்ச முதலாளி குடும்பத்துல ஒருத்தங்க பின்னாடி இதை மறுத்து தனியா ஒரு புத்தகமே எழுதினாங்க. யார் சொல்றது சரின்னு பார்க்க ஃபேசிக்கு இருந்த மாதிரி ஃபைல் இல்ல, நான் பாட்டி பக்கம்தான்.

ஃபைல் இருந்தாலும் கதை வேற மாதிரி போகும்ங்கறதுக்கு டோரிஸ் பில்கிங்டன் எழுதின 'ஃபாலோ த ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' (1996). 2002ல படமா வந்துச்சு, நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 1931ல அரசாங்கம் குடும்பத்துகிட்ட இருந்து பிடிச்சுட்டுப் போய் மூர் ரிவர் முகாம்ல போட்ட மூணு பூர்வகுடிப் பொண்ணுங்க தப்பிச்சு, முயல் வராம இருக்கறதுக்காகப் போட்ட வேலியை அடையாளமா வெச்சுக்கிட்டு தங்க ஊரான ஜிகலாங் நோக்கி நடந்தாங்க, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். அதுல மூத்தவ மோலி, டோரிஸோட அம்மா. இதுல காகிதத்துக்குப் பஞ்சமே இல்ல, கடிதம், போலீஸ் ரிப்போர்ட் எல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா அத்தனையும் துரத்தினவங்க எழுதினது. டோரிஸ் அதையும் எடுத்து, அம்மா சொன்னதையும் பக்கத்துல வெச்சு எழுதியிருக்காங்க. படத்துல வர்றதை விட கொடுமை என்னன்னா 1940ல மோலியை மறுபடி அதே முகாமுக்குக் கொண்டு போனாங்க, அவங்க மறுபடி கைக்குழந்தையோட தப்பிச்சு நடந்தாங்க. முகாம்லயே விட்டுட்டு வர வேண்டியதாப் போன சின்னப் பொண்ணுதான் இந்தப் புத்தகத்தை எழுதின டோரிஸ்.

புத்தகம் வாங்க யோசிக்கறவங்களுக்கு, நான் மேல சொன்ன அகராதி நெட்ல முழுசா ஃப்ரீ. 1966ல முதல் தொகுதி வந்தது, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் நடத்துது, 13,000க்கு மேல ஆட்கள், கவர்னர்ல இருந்து காட்டுக் கொள்ளைக்காரன் வரைக்கும். உயிரோட இருக்கறவங்களுக்கு இடம் கிடையாது. பழைய தொகுதிகள்ல பெண்கள், பூர்வகுடிங்க ரொம்பக் கம்மி, அந்தக் குறையைத் தீர்க்க 2005ல தனியா ஒரு இணைப்புத் தொகுதி போட்டாங்க. பஸ்ல போறப்ப ரெண்டு ஆளைப் படிக்கலாம், அவ்வளவு சின்னச் சின்ன கட்டுரைங்க. ஃபேசியோட கட்டுரையை மட்டும் புத்தகம் முடிச்சுட்டுப் படிங்க, முன்னாடியே படிச்சா கல்லிப்போலி அத்தியாயம் முழுக்க தேதியைத்தான் நோண்டிட்டு இருப்பீங்க.