காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மழை பெய்த மறுநாள் காரில் கால் வைக்கும் இடம் நனைந்திருக்கிறதே, ஏன் என்பது கேள்வி. வெளியே வடிய வேண்டிய தண்ணீர் உள்ளே திரும்புவதுதான் நீர்க்கசிவு. கண்ணாடியில் விழும் மழை வைப்பருக்குக் கீழுள்ள பள்ளத்தில் இறங்கி, ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். ரப்பர் மர நிழலில் நிறுத்தும் வண்டிகளில் அங்கே சருகு அடைத்துக்கொள்ளும். கூரையோரத் தகரக் கால்வாயில் இலை அடைத்தால் மழைநீர் சுவர்ப்பக்கம் வழியுமே, அதே கதைதான்.

முதலில் சருகை அள்ளுங்கள். அப்புறம் கம்பளத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். எங்கே கசிகிறது என்று பார்க்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். மழையே இல்லாமல் நனைந்தால் ஏர்கோன் வடிகுழாயைப் பாருங்கள்.

கதவு ரப்பரில் சிலிகான் பூசினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வடிகால் அடைத்திருக்கும்வரை தண்ணீர் வருவது நிற்காது.