பனிச்சறுக்கு ஹெல்மெட்டில் விரிசல்: ஒட்டினால் போதுமா?

போன பனிச்சறுக்குப் பருவத்தில் விழுந்ததாகவும், இப்போது ஹெல்மெட்டில் விரிசல் தெரிவதாகவும் சொல்லி, பசை போட்டு ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். காதுப் பட்டையும் உள்துணியும் நைந்தது மட்டும் என்றால் அவற்றைப் புதிதாகப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் விரிசல் உள்ளே இருக்கும் வெள்ளை நுரையில் இருக்கிறது.

அது தெர்மோகோல் வகை நுரை. அடி விழும்போது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். நசுங்கியது பழையபடி எழாது. போன பருவத்தில் விழுந்தீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். பசையால் அந்தத் தாங்கும் சக்தி திரும்பி வராது. கரைப்பான் கலந்த பசை என்றால் நுரையே கரைந்துபோகும்.

சந்தேகமிருந்தால் உள்துணியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் விரிசலைச் சுற்றிக் கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். மறுபக்கத்தைவிடப் பள்ளமாகவோ கெட்டியாகவோ இருந்தால் நசுங்கிவிட்டது. அப்புறம் இரு பக்கமும் பிடித்து மெல்ல அமுக்குங்கள். நெறிபடும் சத்தம் வந்தாலும் அதே முடிவுதான்.

ஒன்று மட்டும்: இதில் எதுவும் தெரியவில்லை என்பதால் ஹெல்மெட் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலமாக அடிபட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத சேதமும் இருக்கலாம்.

புதிது வாங்கும்போது உள்ளே இ.என். 1077 (EN 1077, ஐரோப்பியத் தரம்) அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 (ASTM F2040, அமெரிக்கத் தரம்) என்ற தர முத்திரையைப் பாருங்கள். பழையது வேண்டவே வேண்டாம், எத்தனை அடி வாங்கியதோ தெரியாது.