பழைய லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. சரியாகப் போடுவது எப்படி?

சிடியிலிருந்து பூட் ஆகி, ஃபைல்களை வரிசையாக ஏற்றி, விண்டோஸ் தொடங்குகிறது என்று திரையின் அடியில் வந்த கையோடு நீலத் திரை விழுகிறதென்றால், அதில் 'ஸ்டாப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 7பி என்று முடிந்தால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். லேப்டாப்பின் டிஸ்க் கன்ட்ரோலர் (டிஸ்க்கை இயக்கும் சில்லு) எக்ஸ்பிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். சாட்டா இணைப்பில் வரும் டிஸ்க்குகளை இயக்கும் ஏஹெச்சிஐ முறை அதற்குப் பிறகுதான் பரவலானது. 2008ல் வந்த கடைசி சர்வீஸ் பேக்கான எஸ்பி3 சிடியில்கூட அதற்கான பொது டிரைவர் கிடையாது.

பெரும்பாலான லேப்டாப்பில் இதற்குத் தீர்வு பயாஸிலேயே (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரை) இருக்கிறது. ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி உள்ளே போய், சாட்டா மோட் என்ற இடத்தைத் தேடுங்கள். ஏஹெச்சிஐ என்று இருப்பதை ஐடிஇ (எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய முறை) என்று மாற்றிச் சேமியுங்கள். சில பயாஸில் இதற்கு 'கம்பாட்டிபிள்' அல்லது 'ஏடிஏ' என்று பெயர். இன்னும் சிலவற்றில் 'நேட்டிவ் சாட்டா' என்ற வரியை டிஸேபிள் செய்ய வேண்டியிருக்கும். ஐடிஇ மோடில் வேகம் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய லேப்டாப் டிஸ்க்கில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: அதே டிஸ்க்கில் ஏஹெச்சிஐ மோடில் போட்ட விண்டோஸ் 7 ஏற்கனவே இருந்தால், மோடை மாற்றியதும் அதுவும் இதே 7பி பிழையைக் காட்டி நின்றுவிடும்.

பயாஸில் அந்த வசதியே இல்லையென்றால் வேலை கொஞ்சம் கூடும். செட்டப் தொடங்கும்போது எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கச் சொல்லும், ஆனால் அதை ஃப்ளாப்பியில்தான் கேட்கும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கலாமென்றால், எக்ஸ்பி செட்டப் ஏற்றுக்கொள்ளும் மாடல்கள் மிகக் குறைவு. அதனால் என்லைட் என்ற இலவச மென்பொருளால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இன்டெல் சிப்செட் என்றால், அவர்களுடைய ஸ்டோரேஜ் டிரைவரின் 32 பிட் ஃப்ளாப்பி பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்லைட்டில் அதைச் சேர்க்கும்போது 'டெக்ஸ்ட் மோட் டிரைவர்' என்று குறிக்க வேண்டும். சாதாரண பிஎன்பி டிரைவராக (விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகே ஏறுவது) சேர்த்தால் செட்டப்பின் முதல் கட்டத்தில் அது பயன்படாது, 7பி அப்படியே வரும். அடுத்து வரும் பட்டியலில் உங்கள் சிப்செட்டின் பெயரையே தேர்ந்தெடுங்கள். லேப்டாப் சிப்செட்டுகளின் பெயர் ஐசிஹெச்8எம், ஐசிஹெச்9எம் என்று 'எம்' எழுத்தில் முடியும். எம் இல்லாத பெயர் டெஸ்க்டாப்புக்கானது.

இதையெல்லாம் செய்வதற்கு முன் உங்கள் லேப்டாப் எக்ஸ்பிக்குத் தோதானதுதானா என்று பாருங்கள். இன்டெல் மூன்றாம் தலைமுறை வரை, அதாவது சுமார் 2012 வரையிலான லேப்டாப்களின் கிராஃபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் உண்டு. நான்காம் தலைமுறையிலிருந்து இன்டெல் அதை நிறுத்திவிட்டது. அதில் அடம்பிடித்துப் போட்டாலும் திரை மங்கலான ரெசல்யூஷனிலேயே நிற்கும், வீடியோ விட்டுவிட்டு ஓடும். யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) உள்ள லேப்டாப் என்றால் லெகஸி பூட்டை (பழைய பயாஸ் போலத் தொடங்கும் வசதி) ஆன் செய்ய வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புது வகைப் பார்ட்டிஷனும் புரியாது, டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில்தான் இருக்க வேண்டும். ரேம் 64 எம்பி போதும் என்று அன்றைக்குப் பெட்டியின் மேல் போட்டிருந்தார்கள். எஸ்பி3 போட்ட பிறகு 512 எம்பிக்குக் கீழே இருந்தால் பொறுமை போய்விடும், 1 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபி போட்டாலும் சுமார் 3 ஜிபிதான் கைக்கு வரும்.

டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன் ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பியோடு விற்ற லேப்டாப்களில் சில ஜிபி அளவில் ஒரு மறைவான பகுதி இருக்கும். அதில் டிரைவர்கள், ஆக்டிவேஷன் எல்லாம் சேர்ந்த எக்ஸ்பியே முழுதாக இருக்கும். அது உயிரோடு இருந்தால் இந்தப் பதிலின் மீதியைப் படிக்கவே தேவையில்லை. கம்பெனி சொன்ன ரெக்கவரி பட்டனை அழுத்துங்கள், முடிந்தது. எதற்கும் க்ளோன்ஸில்லா என்ற மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதையும் முதலில் இமேஜாக (அப்படியே முழு நகலாக) எடுத்து வைத்துவிடுங்கள்.

கீ விஷயத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் கீ ஓஇஎம் வகை (லேப்டாப்போடு சேர்த்து விற்றது). கடையில் தனியாக விற்ற ரீட்டெயில் சிடியில் அதை அடித்தால் 'தவறான கீ' என்றுதான் வரும். கையில் இருக்கும் சிடி எந்த வகை என்று தெரியாவிட்டால், ஐ386 ஃபோல்டருக்குள் செட்டப்பி (கடைசியில் இரண்டு பி) என்ற ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறந்து, பிஐடி வரியின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். ஓஇஎம் என்றே இருந்தால் ஓஇஎம் சிடி, 270 என்றால் வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்தது), 000 என்றால் ரீட்டெயில். லேப்டாப் கம்பெனியின் சொந்த சிடி கிடைத்தால் அதுவே மேல். பயாஸில் உள்ள அடையாளத்தைப் பார்த்து அது தானே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். வால்யூம் லைசென்ஸுக்கு ஆக்டிவேஷனே தேவையில்லை. மற்றவற்றை ஆக்டிவேட் செய்ய 30 நாள் கெடு.

சிடியை இமேஜாக எழுதுங்கள். ஐஎஸ்ஓ ஃபைலை (சிடி முழுவதையும் அடக்கிய ஒற்றை ஃபைல்) அப்படியே ஒரு ஃபைலாகக் காப்பி செய்தால் பூட் ஆகாது. எழுதும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், பழைய டிரைவின் லென்ஸுக்கு வேகமாக எழுதிய சிடியைப் படிப்பது சிரமம். சிடி டிரைவே இல்லையென்றால் பென் டிரைவிலும் போடலாம். ஆனால் சிடியில் இருப்பதை பென் டிரைவுக்குக் காப்பி செய்தால் மட்டும் போதாது. எக்ஸ்பி செட்டப் யூஎஸ்பிக்காக எழுதப்பட்டதல்ல, பூட் ஆன பிறகு தான் எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடும். வின்செட்டப்ஃப்ரம்யூஎஸ்பி என்ற கருவி அந்த ஓட்டையை அடைத்துத் தரும். பென் டிரைவை லேப்டாப்பின் யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு எக்ஸ்பியிடம் டிரைவர் இல்லை.

செட்டப் எளிது. எஃப்8 அழுத்தி ஒப்புக்கொண்டு, பழைய பார்ட்டிஷனை டி அழுத்தி நீக்கி, சி அழுத்திப் புதிது உருவாக்கி, என்டிஎஃப்எஸ் குவிக் ஃபார்மேட் கொடுங்கள். 4கே செக்டர் கொண்ட பிந்தைய டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ மாட்டியிருந்தால் மட்டும் பார்ட்டிஷனை எக்ஸ்பியிடம் விடாதீர்கள். அது 63ஆவது செக்டரிலிருந்து தொடங்கும், அலைன்மென்ட் (டிஸ்க்கின் 4கே கட்டங்களோடு பொருத்தம்) தப்பி எழுதும் வேகம் படுத்துவிடும். ஜிபார்ட்டட் லைவ் சிடியில் 1 எம்ஐபி அலைன்மென்ட்டோடு பார்ட்டிஷன் போட்டுவிட்டு, செட்டப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். சிடி எஸ்பி1க்கு முந்தையது என்றால் 137 ஜிபிக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்காது. எஸ்பி3 சிடியையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபைல் காப்பி முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது, 'சிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது கீயை அழுத்தவும்' என்று மறுபடியும் வரும். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும், பிறகு 'திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறதே' என்று புலம்ப வேண்டியதுதான். சரியாகப் போனால் இடது பக்கம் 39 நிமிடம் என்று காட்டும் திரை வரும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

காப்பி நடுவில் 'இந்த ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை' என்று வந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே ஃபைலா என்று பாருங்கள். ஒரே ஃபைல் என்றால் சிடியில் குறை. முறைக்கொரு ஃபைல் என்றால் பெரும்பாலும் ரேம் (மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள் ஒரு இரவு ஓடட்டும்) அல்லது சிடி டிரைவ் லென்ஸ். எந்தப் பிழையும் காட்டாமல் பொட்டென்று அணைந்தால் ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கிறது. தேதி பல வருடம் பின்னுக்குத் தாவியிருந்தால் சீமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் சின்னப் பேட்டரி) தீர்ந்திருக்கிறது. பயாஸில் மாற்றிய சாட்டா மோடும் அதோடு பழையபடி ஆகிவிடும் என்பதால், அந்தப் பேட்டரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

டிரைவர்களை இன்னொரு கணினியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். புது எக்ஸ்பியில் வைஃபையும் ஓடாது, பல லேப்டாப்பில் லேன் போர்ட்டும் ஓடாது, பிறகு டிரைவரை எங்கே போய் இறக்குவது? போடும் வரிசை: முதலில் சிப்செட், பிறகு கிராஃபிக்ஸ், ஆடியோ, லேன், வைஃபை, கடைசியில் டச்பேடும் ஹாட்கீயும். சிப்செட்டை விட்டுவிட்டு மற்றதைப் போட்டால் பாதி டிரைவர் தன் சாதனத்தையே கண்டுபிடிக்காது. ஆடியோ டிரைவர் 'ஹெச்டி ஆடியோ பஸ் இல்லை' என்று அடம்பிடித்தால், மைக்ரோசாஃப்டின் யூஏஏ பஸ் டிரைவரை (கேபி888111) முதலில் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு பெயரில்லாமல் நிற்பதைக் கண்டுபிடிக்க, அதன் டீட்டெயில்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். 'வென்' பகுதியில் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏடிஐ. அடுத்து வரும் 'டெவ்' எண் எந்தச் சில்லு என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துத் தேடினால் டிரைவர் சிக்கும். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரைவரோடு வேண்டாத பத்து விஷயங்களும் உள்ளே வரும்.

இணையம் பற்றி என் கருத்து கறாரானது: இணைக்காதீர்கள். 2014 ஏப்ரல் 8ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றுவிட்டது. ஷா-1 என்ற பழைய டிஜிட்டல் கையொப்ப முறையில் ஓடிய சர்வர்களை அவர்கள் 2020ல் மூடியதோடு விண்டோஸ் அப்டேட்டும் வேலை செய்வதில்லை. எக்ஸ்பியின் பிரவுசரான ஐஈ 8க்கு டிஎல்எஸ் 1.2 (தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் முறை) ஒழுங்காக வராது என்பதால் பெரும்பாலான தளங்கள் திறக்கவே மாட்டா. ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்பிக்குக் கொடுத்த கடைசிப் பதிப்பு 52 ஈஎஸ்ஆர், குரோம் 49. வைஃபை பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ2 வரை எஸ்பி3 தாங்கும், டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்த ரவுட்டரில் சேராது. வீட்டு நெட்வொர்க்கில் மட்டுமாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு பேட்ச்களைப் போட்டுவிட்டுச் சேருங்கள்: 2017ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது வந்த கேபி4012598, 2019ல் ப்ளூகீப் ஓட்டைக்காக வந்த கேபி4500331. ஆதரவை நிறுத்திய பிறகும் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து கொடுத்தவை இவை. அப்படியானால் அந்த ஓட்டைகள் எவ்வளவு மோசமானவை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேங்க், மெயில், யூடியூப் எல்லாம் இதில் பார்க்கலாம் என்ற எண்ணமிருந்தால் எக்ஸ்பி வேண்டாம், லேசான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். பழைய கேம், சீரியல் போர்ட்டில் ஓடும் கருவி, புது விண்டோஸில் டிரைவர் இல்லாத ஸ்கேனர் இவற்றுக்குத்தான் எக்ஸ்பி பொருந்தும்.

ஃபைல் மாற்ற நெட்வொர்க் ஷேரை நம்ப வேண்டாம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஷேரிங் முறை மட்டுமே தெரியும், விண்டோஸ் 10ல் 1709 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. அதைத் திறந்துவிட்டால் நல்ல கணினிக்கும் ஆபத்து. எஃப்ஏடி32ல் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் போதும். எக்ஸ்எஃப்ஏடி என்றால் கேபி955704 தேவை. பென் டிரைவ் செருகுவதற்கு முன் ஆட்டோரனை (செருகியதும் தானே ஓடத் தொடங்கும் வசதி) அணைத்துவிடுங்கள். 2008ல் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு பென் டிரைவ் வழியாகவும் பரவியது, பழைய பென் டிரைவ்களில் அந்த மாதிரிச் சரக்கு இன்னும் கிடக்கிறது.