வறுமையோடும் மாறிப்போன மழையோடும் போராடும் சிறு விவசாயிகள், சிறுதொழில் செய்பவர்களுக்கு எந்த உதவி உண்மையில் பயன்படும்?

எனக்கு நன்றாகத் தெரிந்த ராமநாதபுரம் மாவட்டத்து மிளகாயை வைத்துச் சொல்கிறேன். விளைந்ததை அன்றைக்கே விற்றாக வேண்டிய நெருக்கடியைத் தீர்க்கும் உதவிதான் பெரிய உதவி.

முதுகுளத்தூர், கமுதி பக்கம் ஐப்பசி மழையை நம்பித்தான் மிளகாய் போடுகிறார்கள். மாசி, பங்குனியில் பழம் பறித்துக் களத்தில் காயப்போடுவார்கள். அப்போது மழை இருக்காது என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி பொய்க்கிறது. 2021 ஜனவரி மழையில் செடிகள் நின்ற இடத்திலேயே அழுகின. காயும்போது நனைந்த பழமோ நிறம் வெளுத்துச் சோடையாகிவிடும், விலை போகாது. என் சித்தப்பா வீட்டில் வானம் இருட்டினால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

சரி, மழைக்குத் தப்பிய வத்தலாவது காசு தருமா? உழவுக்கே, விளைச்சலை விற்றுத்தரும் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதனால் வத்தலையும் அங்கேதான் போட வேண்டும். ஊரே மூட்டையோடு வந்து நிற்கும் பங்குனியில், கடைக்காரர் சொல்வதுதான் விலை.

இதற்கு வழியே இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வத்தலை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். எட்டிவயலில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. ஆனால் நாலு மூட்டைக்காரர் தனி வண்டி பிடித்து அங்கே போக முடியாது. ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள். காயவைக்க சிமெண்ட் களம் போட்டுக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு அலைபவருக்குத் துணையாக நில்லுங்கள். கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டி கிடையாது, கமிஷன் கடைக்கும் போக வேண்டியதில்லை. குத்தகைக்கு உழுபவருக்குப் பட்டா தன் பேரில் இல்லாததால் அதுவும் எட்டுவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அப்புறம், மிளகாய்ப்பொடி அரைக்கும் மகளிர் குழுக்கள். பயிற்சி கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் குழுவில் இருக்கும் பெண்களுக்கு அரைக்கவும் தெரியும், பொட்டலம் போடவும் தெரியும். சரக்கை வாங்கிக்கொண்டு காசை மாதக்கணக்கில் இழுக்கும் கடைகளால்தான் தொழில் படுக்கிறது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பேச்சு பெரிதானது, ஆனால் பேச்சை வைத்து வத்தல் வாங்க முடியாது. உங்கள் வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய பொடிக்கான பணத்தை மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் பக்கத்துக் களத்து வத்தலை அவர்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.