எலி கடித்த பழைய டிராக்டர் வயரிங்கை நாமே சரிசெய்யலாமா, முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

தாத்தா ஓட்டிய டிராக்டர், பல வருடம் கொட்டகையில் நின்றது, எலி வயரைக் கடித்துவிட்டது, மெக்கானிக் "எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புது செட் போட்டுடலாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டுப் பட்டவன்.

எங்கள் ஊர் மணலி மண்டலத்தில் கடப்பாக்கம் பக்கம். அப்பா வாங்கிய பழைய மேஸி ஃபெர்குசன், சிம்ப்சன் இன்ஜின். இரண்டும் எங்கள் வடசென்னையில், செம்பியத்தில் பிறந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குக் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கொட்டகைக்குள் வந்து, பேட்டரிப் பெட்டி மூழ்கும் அளவுக்கு இரண்டு நாள் நின்றது. வடிந்தபின் பார்த்தால் வண்டியெங்கும் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் பிசுக்கு.

இன்ஜின் ஓடியது. பழைய டீசல் வண்டியில் இதுதான் ஏமாற்று. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை, நிறுத்துவதும் கையால் இழுக்கும் கம்பிதான். அதனால் வயரிங் எவ்வளவு கெட்டிருந்தாலும் வண்டி நன்றாக இருப்பதாகவே தோன்றும். எங்களுக்கு செல்ஃப் மோட்டார் மட்டும் முனகியது, ஹெட்லைட் மங்கியது, அம்மீட்டர் முள் மைனஸ் பக்கமே கிடந்தது, அதாவது பேட்டரியில் சார்ஜ் ஏறாமல் வடிந்துகொண்டிருந்தது.

வந்த எலக்ட்ரீஷியன் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் அறுத்துப்போட்டுப் புதிது போட்டார். ஜனவரியில் நவரைப் பருவ நெல்லுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை. கம்பியை இழுத்து இன்ஜினை நிறுத்தினேன், புகை நிற்கவில்லை. பேட்டரி டெர்மினலைக் கழட்ட ஸ்பேனர் தேடிய அரை நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு பார்த்தால் மெயின் வயர் சைலன்சரை ஒட்டிப் போயிருந்தது. ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். வயரும் வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர், டிராக்டர் அதிர்வுக்கு அது ஒடிந்துவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எனக்கு வாய்த்தவர் இப்படி.

அதன்பின் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமாவிடம் போனேன். செம்பியம் டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அறுத்துப்போட்ட பழைய வயர்க்கட்டை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பாதி கோபம் தணிந்தது. "தம்பி, எல்லாத்தையும் ஒரேயடியா பிச்சுப் போடக் கூடாது. ஒண்ணை எடு, அதே நீளத்துல ஒண்ணைப் போடு, அப்புறம் அடுத்தது" என்றார். பழைய கட்டைத் தரையில் நீட்டி, எது எங்கே போகிறது என்று நோட்டில் வரையவைத்தார். மூன்று நாள் ஆனது.

அப்போதுதான் உண்மையான சேதத்தைப் பார்த்தேன். மேலே நல்லதாகத் தெரிந்த வயரை அறுத்தால் உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. வெள்ளத்தண்ணீர் முனை வழியாக இழைகளுக்கு நடுவில் ஏறிவிடும். எண்ணெய் பட்ட ரப்பர் உறை ஊதி மெத்தென்று ஆகிவிட்டது. உங்கள் வண்டியிலும் எலி கடித்த இடம் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பாருங்கள். செம்பு பளிச்சென்று வரவில்லையென்றால் அந்த வயர் முழுவதையும் மாற்றுங்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வுக்கு ஒடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். வயர் முனையில் லக் (உலோக முனை) போட்டு அழுத்தி, மேலே ஸ்லீவ் (காப்பு உறை) மாட்டுவதுதான் என் வழக்கம்.

வயரைத் தொடுவதற்கு முன் எர்த்தை, அதாவது பேட்டரியிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் இணைப்பைப் பாருங்கள். எங்கள் செல்ஃப் முனகலுக்குக் காரணமே அதுதான். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டி இரும்பு தெரியவைத்து, போல்ட்டை இறுக்கி வாஸ்லின் தடவினோம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்த்தால், சுரண்டுவதற்கு முன் 1.8 வோல்ட் காட்டியது, சுரண்டியபின் 0.2 ஆகிவிட்டது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம்.

வண்டி எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரிக்க ஆரம்பித்த ஃபெர்குசன் டிஇ20 மாதிரிப் பழசு என்றால், பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கும் வண்டியானால், கட்டவுட்டில் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எஃப் என்று குறித்த வயரைக் கழட்டி, பேட்டரியின் லைவ் முனையில் ஓரிரு வினாடி தொட்டு எடுங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்த டைனமோ இதைச் செய்யாவிட்டால் சார்ஜ் ஏற்றாமலே போகலாம். ஆல்டர்னேட்டர் இருந்தால் இந்த வேலையே கூடாது.

வெள்ளத்தைப் பற்றி எழுத வந்தபிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிராக்டருக்கும் வயலுக்கும் ஏதாவது கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "சென்னைக்குள்ள ஏதுங்க விவசாயம்?" என்று மனுவை வாங்கவே இல்லை. 2011-ல் எங்களை மாநகராட்சியில் சேர்த்தார்கள். எங்கள் வயல் அதற்காக வேறெங்கும் நகர்ந்து போகவில்லை. புயல் நிவாரணமாகக் குடும்ப அட்டைக்குக் கொடுத்த ஆறாயிரம் ரூபாய் எங்களுக்கும் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயிர் போனவனைப் பயிர் போனவன் என்று ஒரு தாளில்கூட எழுதிக்கொள்ளாதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயம். முதலில் பேட்டரியைக் கழட்டிவிட்டு, கடித்த இடங்களை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு கட் ஆஃப் சுவிட்ச். இந்த இரண்டும் மாட்டிய பிறகு மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். படத்தை இங்கே போட்டால், எந்த வயர் எது என்று மாமாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.