கணினி மையத்தின் பொறுப்பு

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகமொன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் கணினி மைய இயக்குநர் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். துணைவேந்தர் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் கேட்கிறார். துறைத்தலைவர்கள் வைஃபை சரியில்லை என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேக்கப்பிலிருந்து, அதாவது தரவுகளின் காப்புப் பிரதியிலிருந்து, தொடங்குங்கள். இருவரும் கேட்காதது அதுதான்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் ஒரு போலி மின்னஞ்சலின் இணைப்பை யாரோ திறந்தார்கள். அந்த வழியாக நுழைந்தவர்கள் இரண்டு மாதங்கள் ஓசையின்றி உள்ளே உலவினார்கள். அப்டேட் போடாத சர்வர்கள் அவர்களுக்கு வசதியாக அமைந்தன. முழு நிர்வாகி உரிமையும் கைக்கு வந்தது. டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறை பார்த்து, 267 சர்வர்களைத் திறக்க முடியாதபடி பூட்டி, பணம் கேட்டார்கள். பேக்கப் இல்லாமலில்லை. சில முக்கியமான பேக்கப்புகள் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. ஜனவரியில் தேர்வுகள். கடைசியில் 30 பிட்காயின், ஏறத்தாழ 2 லட்சம் யூரோ, கொடுத்து மீண்டார்கள்.

கொடுத்தது எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தது நிர்வாகக் குழு. கணினிப் பிரிவின் தலையில் அதைப் போடவில்லை. 2020 பிப்ரவரியில் கூட்டம் போட்டு, விசாரணை அறிக்கையையும் வெளியிட்டார்கள். நம் ஊரில் இதை நினைத்துப் பார்க்க முடிகிறதா? (பணத்தில் ஒரு பகுதியைக் காவல்துறை பின்னர் முடக்கியது. பிட்காயின் விலையேற்றத்தால் 2022இல் அந்தச் சிறுபகுதியே சுமார் 5 லட்சம் யூரோ ஆகியிருந்தது! கஷ்டப்படும் மாணவர்களுக்கு உதவ அதைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தார்கள்.)

இப்படியொரு தாக்குதலில், இரவு இரண்டு மணிக்கு நெட்வொர்க்கை மொத்தமாக நிறுத்த வேண்டிவந்தால், யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் உங்களால் நிறுத்த முடியுமா? அந்த அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள். பேக்கப்பின் ஒரு பிரதியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுத்துப் பாருங்கள்.

வைஃபை புகாரை அலட்சியம் செய்யாதீர்கள். எப்போதோ முடித்துப்போன ஆய்வு மாணவர் மேசைக்கடியில் விட்டுச்சென்ற சர்வர் அப்டேட் இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றறிக்கை அனுப்பினால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வைஃபை பார்க்க வந்தவரிடம் தாங்களாகவே காட்டுவார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி, அந்த அதிகாரக் கடிதத்தில் துணைவேந்தர் கையெழுத்திட்டபின் பேசுங்கள்.