அணுகுண்டுச் சோதனைகளால் பாதிக்கப்பட்டோரை எப்படி நினைவுகூர்வது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆகஸ்ட் 29 அணுச் சோதனைகளுக்கு எதிரான அனைத்துலக நாள். அதையொட்டி எங்கள் பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் ஒரு சிறு நினைவு நிகழ்ச்சி நடத்த எண்ணியுள்ளது. காளான் மேகத்தின் பெரிய படத்தை மேடையில் வைத்து, ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம் என்கிறார்கள் மாணவர்கள். உங்கள் கருத்து என்ன? – தமிழாசிரியை, ஈசூன்

பதில்: மாணவர்களின் எண்ணம் போற்றத்தக்கது. அந்தப் படத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது குண்டை வெடித்தவர்கள் பாதுகாப்பான தொலைவிலிருந்து எடுத்த படம். அதில் மனிதர் ஒருவரும் இல்லை. அந்தப் புகை யார்மீது இறங்கியது என்பதிலிருந்துதான் நினைவுகூர்தல் தொடங்க வேண்டும்.

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா வெடித்த 'காசில் பிராவோ' குண்டின் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாவில் போடப்பட்ட குண்டைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோங்கலாப் தீவில் சில மணி நேரத்தில் வெண்சாம்பல் பொழிந்தது. பொடியாகி மேலெழுந்த பவளப்பாறையே கதிரியக்கத்தோடு திரும்பி விழுகிறது என்று அறியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். குடிநீரிலும் அது கலந்தது. வாந்தியும் தோல் எரிச்சலுமாகத் துடித்த அந்த மக்கள், இரண்டு நாள் கழித்தே அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். அதன்பின் அவர்களுடைய உடல்களே, அவர்களின் ஒப்புதல் கேட்கப்படாமல், கதிர்வீச்சு ஆய்வுக்குப் பொருளாயின. இனி ஆபத்தில்லை என்று சொல்லி 1957இல் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். குண்டு வெடித்தபோது ஒரு வயதுக் குழந்தையாக இருந்த லெக்கோஜ் அஞ்சைன், 1972இல் தன் 19ஆம் வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தான். 1985இல் ரோங்கலாப் மக்கள் தாங்களாகவே முடிவெடுத்து, கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பலில் ஏறித் தங்கள் தீவை விட்டு வெளியேறினார்கள்.

மாணவர்களுக்கு இதன் அறிவியலையும் சொல்லுங்கள். தேங்காய் இல்லாமல் நம் வீட்டு அடுப்படி நடக்காது. அந்தத் தீவுகளிலும் அப்படித்தான். பவளத்தீவின் மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. குண்டுவெடிப்பில் பரவிய சீசியம்-137 வேதியியல் இயல்பில் பொட்டாசியத்தை ஒத்திருப்பதால், தென்னையின் வேர்கள் அதை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். 1970களில் பிகினிக்குத் திரும்பிய குடும்பங்கள் உள்ளூர் உணவை உண்டதால் உடலில் சீசியம் ஏறி, 1978இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டன. சொந்த ஊரில் விளைவதைச் சாப்பிட முடியாதவர்களுக்கு அந்த ஊர் எப்படித் திரும்பக் கிடைத்ததாகும்?

ஆகஸ்ட் 29ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை 1949இல் அதே நாளில் கஸக்ஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் சமவெளியில் வெடித்தது. 1989 வரை அங்கே 456 சோதனைகள் நடந்தன. 1989 பிப்ரவரியில் நிலத்தடிச் சோதனையிலிருந்து கதிரியக்க வாயு கசிந்தபோது, கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமெனோவ் தொலைக்காட்சி நேரலையில் கவிதை படிக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கசிவை மக்களுக்கு அறிவித்து, எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்தார். அப்படிப் பிறந்த 'நெவாடா–செமிபலாத்தின்ஸ்க்' இயக்கத்தின் அழுத்தத்தால், 1991 ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது. ஒரு கவிஞர் தொடங்கி வைத்த போராட்டம் என்பதைத் தமிழ்மொழிக் கழகம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மௌனத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாசிப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிறுமியாக ரோங்கலாப்பில் சாம்பல் மழையைப் பார்த்த லிஜோன் எக்னிலாங், 1995இல் தி ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். தமக்கு ஏழு முறை கருச்சிதைவு ஏற்பட்டதையும் அவர் அங்கே சொன்னார். அத்தகைய சாட்சியங்களை மாணவர்கள் தமிழில் எழுதி, நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். மார்ஷல் தீவு மக்கள் தங்கள் நினைவு நாளாக மார்ச் 1ஐயே கடைப்பிடிக்கிறார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: என் தாத்தா 1950களில் சிங்கப்பூரிலிருந்து கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கத்துக்கு எழுத்தராகப் போனவர். அங்கே பிரிட்டன் அணுகுண்டு வெடித்ததாகப் படித்ததிலிருந்து மனம் கலங்கியிருக்கிறது. – வாசகர், தோ பாயோ

பதில்: கலங்க வேண்டாம். உங்கள் தாத்தா போனது இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே உள்ள தீவு. 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படுமுன் அது சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தது; அங்கே அணுச் சோதனை எதுவும் நடக்கவில்லை. பிரிட்டன் 1957, 1958இல் வெப்ப அணுகுண்டுகளை வெடித்தது அதே பெயருடைய பசிபிக் தீவில். இன்று அது கிரிபட்டி நாட்டைச் சேர்ந்த கிரிட்டிமாட்டி. அமெரிக்காவும் 1962இல் அங்கே தொடர் சோதனைகள் நடத்தியது. குடியேற்ற நாடாக இருந்த ஃபிஜியிலிருந்து பிரிட்டன் அழைத்துப்போன வீரர்களில் எஞ்சியிருந்தோருக்கு, 2015இல் ஃபிஜி அரசே தன் நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கியது. குண்டை வெடித்த நாடு செய்திருக்க வேண்டிய கடமை அது. உங்களுக்கு வந்த அச்சத்தைப் போன்ற ஒன்றோடுதான் அந்த வீரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள்.

கேள்வி: எழுபது ஆண்டுகளுக்கு முன் எங்கோ நடந்த துயரத்தைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் நினைவுகூர்வதில் என்ன பொருள்? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ஆயிரக்கணக்கில் மடிந்த நம் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. கணக்கில் சேர்க்கப்படாத சாவு என்பது எத்தகைய காயம் என்பது நமக்குத் தெரியும். அந்தக் காயத்தை மற்றவர்களிடமும் அடையாளம் காண்பது நம்மால் இயலும் என்றே நம்புகிறேன்.

அணுச் சோதனைகளை நிறுத்தக் கோருவதும் தமிழர்களுக்குப் புதிதன்று. 1962இல் ராஜாஜி தம் 83ஆம் வயதில் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று வாஷிங்டன் சென்று, அதிபர் கென்னடியிடம் அதை நேரில் வலியுறுத்தினார். இதைப் பெருமையோடு சொல்லும் நாம், 1998 மே மாதத்தில் இந்தியா நடத்திய பொக்ரான் அணுச் சோதனைகளை எண்ணிப் பூரித்தபோது, அருகிலுள்ள கேத்தோலாய் சிற்றூர் மக்கள் தங்கள் நோய்கள் குறித்து எழுப்பிய புகார்களுக்கும் செவிகொடுத்திருக்க வேண்டும்.

மேலும், இது முடிந்துபோன கதையன்று. மார்ஷல் தீவுகளின் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அமெரிக்கா அதற்கென 1986இல் ஏற்படுத்திய நிதி 15 கோடி டாலர் மட்டுமே. பெரும்பகுதித் தொகை இன்றுவரை உரியவர்களைச் சேரவில்லை. சிங்கப்பூர் முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை 2001இல் உறுதிப்படுத்தியது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதையும் நிலத்தைச் சீர்செய்வதையும் கடமையாக்கிய 2017ஆம் ஆண்டின் அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தின்மீது ஐக்கிய நாட்டு மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்தபோது, 122 நாடுகள் ஆதரிக்க, நெதர்லாந்து எதிர்க்க, வாக்களிக்காமல் விலகியிருந்த ஒரே நாடு சிங்கப்பூர். அந்த முடிவை மறுபரிசீலனை செய்யலாமா என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் நீங்கள் கேட்கலாம்; நானும் கேட்கவிருக்கிறேன்.